பன்னிரண்டாவது ஆணி

பதினோரு பித்தளை வில்லைகளில் நான்காவது மட்டும் ஈரமாக இருந்தது.

வெர்னா கோல்பர்ன் அதைக் கவனித்தபோது மணி மூன்றே முக்கால். ஆகஸ்ட் மாதம். ஹார்லோ ஃபிளாட் ஊரின் ஒரே கடைத்தெருவில் தார் இளகிக் கிடந்தது. மே மாதத்துக்குப் பிறகு அந்த ஊர் மழையைப் பார்க்கவில்லை. சுரங்க ஆட்களின் எண் பொறித்த அந்த வில்லைகளை அன்று காலையில்தான் அவளே வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, சுவர்ப்பலகையின் ஆணிகளில் வரிசையாக மாட்டியிருந்தாள். இப்போது நான்காம் எண்ணின் அடிவிளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, பலகையில் கோடாக இறங்கியது.

ஆர்லன் வேலைதான் என்று நினைத்தாள். எது கெட்டுப்போனாலும் அது ஆர்லன் வேலை என்பது முப்பத்தொரு வருடக் குடித்தனம் அவளுக்குக் கற்றுத் தந்த பாடம். ஆனால் அவள் கணவன் ஆர்லன் இரண்டு மணிக்கே தரைக்குக் கீழே இறங்கியவன் இன்னும் மேலே வரவில்லை. துணியை எடுத்து வில்லையைத் துடைத்தாள். பித்தளை பனிக்கட்டி மாதிரிச் சில்லிட்டது.

தங்கம் தோண்டிய காலத்துத் தண்ணீர்க் கம்பெனியின் ஆபீஸ் அது. தடித்த செங்கல் சுவர், இரும்புக் கதவு, இரும்பு ஜன்னல். மலையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரைப் பின்பக்கக் குளத்தில் தேக்கி, மண் கழுவுகிறவர்களுக்கு, மதகு திறக்கிற அங்குலக் கணக்கில் விற்றார்கள். ஏஜென்ட் உட்கார்ந்த கம்பி ஜன்னல் அப்படியே இருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் மதகுச் சக்கரம் இருந்தது. ஜன்னலுக்கு முன்னால், ஆட்கள் வந்து நிற்கும் இடத்தில், தரையில் ஒரு குழி. அதற்கு மேல் இரும்புக் கம்பி மூடி. குழியில் ஏணி வைத்து இறங்கினால் நானூறு அடிச் சுரங்க வாய்க்கால். மதகைத் திறந்தால் குளத்துத் தண்ணீர் அந்தக் குழியில் விழுந்து சுரங்கம் வழியாக ஓடும். சுரங்கத்தின் மறுமுனையைச் சின்னப் பசங்கள் நுழையாமல் இருக்கக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். தண்ணீர் போகலாம், ஆள் போக முடியாது.

சனிக்கிழமை அது மியூசியமாகத் திறக்கிறது. ஊர் வரலாற்றுச் சங்கத்தில் ஆறு பேர். ஐந்து பேர் கேக் தின்ன வருகிறவர்கள், ஒருத்தி வெர்னா. பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமையாசிரியராக இருபத்தாறு வருடம் இந்த ஊரை மேய்த்தவள். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கம்பை அவள் கீழே வைக்கவில்லை. திறப்பு விழாவில் நிஜமாகவே மதகைத் திறந்து தண்ணீர் விட்டுக்காட்டவேண்டும் என்பது அவள் யோசனை. சுரங்கத்திலிருக்கும் சேற்றை வாரவேண்டும் என்பது அவள் உத்தரவு. வாருகிறவன் ஆர்லன்.

காலையில் வாய்க்கால் காவல்காரன் டாப்ஸ் குளத்தைப் பார்க்க வந்தான். ஐம்பது வயது, அவளுடைய பழைய மாணவன். உள்ளே தலையை நீட்டியவன் பலகையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“டீச்சர், இதையெல்லாம் எதுக்கு மாட்டுனீங்க?”

“மியூசியம்னா பாக்கறதுக்குத்தான் வெப்பாங்க, டாப்ஸ்.”

“கண்ணாடிப் பொட்டில வைங்க, யாரு வேணாம்னாங்க. பலகைல மாட்டுனா உள்ள பதினோரு ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

“உள்ள எலி இருக்கும்.”

“அதான் சொல்றேன். உள்ள போறவன் தன் கையால மாட்டணும், வெளிய வந்து தன் கையால கழட்டணும். இப்ப இதையெல்லாம் யாரு வந்து கழட்டறது?”

“நீ ஏழாம் கிளாஸ்ல ரெண்டு வருஷம் உக்காந்தவன். எனக்கு ஞாபகம் இருக்கு.”

“மூணு, டீச்சர்.” டாப்ஸ் சிரிக்கவில்லை. “கொளம் தளும்ப நிக்குது. சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கேன், சாவி என்கிட்ட. எதுக்கும் அதக் கழட்டி உள்ள வைங்க.”

அவன் போன பிறகு வெர்னா தனக்குள் நன்றாகவே சிரித்துக்கொண்டாள். அந்தக் கதையை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியதே அவள்தான். சுரங்கத்துக்குள் பதினோரு பேர் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்குத் தண்ணீர் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த ஏஜென்ட், அவர்கள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், பதினோரு வில்லைகளையும் தானே ஆணியிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். மதகைத் திறந்தார். விசாரணையில், பலகை காலியாக இருந்தது, திறந்தேன், விதி அதுதான் என்றார். விட்டுவிட்டார்கள். செத்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, வில்லையில் எண் மட்டும்தான். வெர்னா அதற்கு ‘ஒரு விபத்து’ என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து இந்த ஊரில் யாரும் இன்னொருவர் வில்லையைத் தொடுவதில்லை. படித்தவர்கள்கூட. அதை நினைத்தாலே அவளுக்கு இளக்காரமாக இருந்தது.

ஆர்லனும் அந்தக் கூட்டம்தான். இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வந்தவன், பலகையில் காலியாக இருந்த பன்னிரண்டாவது ஆணியில் தன் வில்லையை மாட்டினான். ஊர்த் தீயணைப்புப் படையில் தருகிற சிவப்பு பிளாஸ்டிக் வில்லை. தேய்த்து மின்னிய பித்தளைக்குப் பக்கத்தில் அது கிறிஸ்துமஸ் மரத்தில் பழைய செருப்பை மாட்டியது போல் இருந்தது.

“இது எதுக்கு இங்க?”

“உள்ள போறேன்ல.”

“நீ உள்ள போறது எனக்குத் தெரியாதா? நான்தானே போகச் சொன்னேன்.”

“இருக்கட்டும் வெர்னா. வந்ததும் எடுத்துக்கறேன்.”

அவன் தலை குழிக்குள் மறைந்து, வெளிச்சம் சுரங்கத்துக்குள் நகர்ந்து தேய்ந்ததும், அவள் சிவப்பு வில்லையை எடுத்து உடுப்புப் பையில் போட்டாள். பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவன் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். வாயைத் திறந்துகொண்டிருந்த குழியும் பார்க்க நன்றாக இல்லை. கம்பி மூடியைச் சாய்த்து மூடினாள். கீழேயிருந்து ஒருவன் தோளால் முட்டினால் எழும்பக்கூடிய மூடிதான்.

துணியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள். நான்காவது ஆணி காலியாக இருந்தது.

கீழே விழுந்திருக்கும். குனிந்து தேடினாள். பலகைத் தரையின் இடுக்குகளில் தேடினாள், மேசைக்கடியில் தேடினாள். வில்லை இல்லை. நிமிர்ந்தபோது முதலில் வாசனைதான் வந்தது. ஆழத்துச் சேற்றின் வாசனை. அதோடு கலந்து, மாட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் எழுமே, அந்தக் கருகல். இந்த ஊரில் நூறு வருடமாக யாரும் கொழுப்பு மெழுகுவர்த்தி ஏற்றியதில்லை. பிறகு ஒரு சத்தம், ஈரமான கனத்த பூட்ஸ் மரத்தரையில் அழுந்தி எடுபடும் சத்தம், பலகையிலிருந்து கதவை நோக்கி நிதானமாகப் போனது. வாசற்படியில் வெயில் விழும் இடத்தில் நின்றுவிட்டது.

அங்கே பூட்ஸ் தடங்கள் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் பட்டுக் காய்ந்தன.

“ஆர்லன்,” என்று கூப்பிட்டாள். கம்பி மூடிக்கு மேல் குனிந்து இன்னொரு முறை, பள்ளிக்கூட மைதானத்தில் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள்.

வெகு தூரத்திலிருந்து, பானைக்குள் பேசுவது போல், பதில் வந்தது. “என்ன?”

“மேல வா.”

“இன்னும் பாதி கெடக்கு.”

“வான்னா வா.”

அவளுக்குப் பின்னால் டிங் என்று மெல்லிய சத்தம். திரும்பினாள். ஒன்பதாவது ஆணியும் காலி. இதெல்லாம் அசட்டுத்தனம், வெயில், மதியம் சாப்பிடாதது, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கதவுக்கு ஓடினாள். அந்தச் சுவர்களுக்குள் போன் வேலை செய்யாது. வாசலில் நின்று டாப்ஸுக்குப் போன் போட்டாள்.

“டாப்ஸ், கொளத்துத் தண்ணிய வேற பக்கம் திருப்ப முடியுமா?”

“இப்பவா? மேல வாய்க்கால்ல நிக்கறேன். ஏன்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“அரை நாள் ஆகும் டீச்சர். ஆர்லன் வெளிய வந்துட்டாரா?”

அவள் கம்பி மூடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவரு வில்ல பலகைல இருக்குல்ல?”

“எடுத்துட்டேன்.”

“யாரு?”

“நான்தான். பாக்க நல்லா இல்ல.”

“நீங்க திருப்பி மாட்டுனா நிக்காது,” என்றான் டாப்ஸ். குரல் மாறியிருந்தது. “அவரு கையால மாட்டணும். பலகைல ஒரு வில்ல இருக்கற வரைக்கும் மதகு தொறக்காது. அவர மேல ஏத்துங்க மொதல்ல. வண்டிய எடுத்துட்டேன். இருவது நிமிஷம்.”

ஏழாம் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தவன் சொல்வதை அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

உள்ளே வந்தபோது பலகையில் ஆறு இருந்தன. பையிலிருந்து சிவப்பு வில்லையை எடுத்துப் பன்னிரண்டாவது ஆணியில் மாட்டினாள். வளையம் ஆணியில் நன்றாகத்தான் உட்கார்ந்தது. கையை எடுத்ததும் விழுந்தது. மறுபடி மாட்டினாள். விழுந்தது. மூன்றாம் முறை அது விழவில்லை, யாரோ தட்டிவிட்டது போல் அவள் காலடிக்கு எகிறி வந்தது.

கம்பி மூடியின் பிடியைப் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. மதியம் ஒரு கையால் சாய்த்த மூடி. குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தாள். அப்போதுதான் பார்த்தாள். துருப்பிடித்த கம்பிகளின் மேல் ஈரம். இரண்டிரண்டாக. குதிகாலும் முன்பாதமும். எல்லாம் பலகையைப் பார்த்தபடி, ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கியடித்து.

வரிசையில் நிற்கிறார்கள்.

முன்னால் நின்ற ஜோடிப் பாதம் நகர்ந்தது. பலகையில் டிங். ஈரத்தடம் கதவை நோக்கிப் போனது. பின்னால் நின்ற பாதங்கள் ஒரு அடி முன்னே வந்தன. யாருக்கும் அவசரமில்லை. இத்தனை வருடம் காத்திருந்தவர்கள்.

“நகருங்க,” என்றாள் வெர்னா. வாழ்நாள் முழுக்க ஆட்களை நகரச் சொல்லியே பழகிய வாய். “கீழ ஆள் இருக்கு. நகருங்க.”

பாதங்கள் நகரவில்லை. அந்தப் பக்கம் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. பெயர்கூட எழுதாமல் ‘ஒரு விபத்து’ என்று இரண்டு வார்த்தையில் முடித்தவள் அவள்.

கீழே வெளிச்சம் தெரிந்தது. ஆர்லன் முனகிக்கொண்டே ஏணியில் ஏறி வந்தான். நெற்றி விளக்கு, சேறு பூசிய முகம். தோளைக் கொடுத்து முட்டினான்.

“எதையாவது தூக்கி மேல வெச்சிருக்கியா?”

“இல்ல.”

“பின்ன ஏன் எழும்ப மாட்டேங்குது?”

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பையில் போட்டதையும் சொன்னாள். ஆர்லன் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னாள், கம்பியின் மேலிருந்த ஈரத்தைப் பார்க்காமல். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்று இருந்தது.

“சரி, விடு,” என்றான். “பலகையக் கழட்டிக் கொண்டா. கம்பி இடுக்கு வழியா நானே மாட்டிடறேன்.”

பலகை. போன வாரம் ஆர்லன் அதை இரண்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தான். உனக்கு ஒரு வேலை ஒழுங்காக வராது என்று சொல்லி, கவுண்டித் தலைநகரிலிருந்து ஒரு தச்சனை வரவழைத்து, செங்கல் சுவரில் எட்டு ஸ்குரூ இறக்கியவள் அவள்தான். மேசையில் கடிதம் கிழிக்கும் கத்தி கிடந்தது. அதன் முனையை ஸ்குரூவில் கொடுத்துத் திருகினாள். ஒன்று வந்தது. கை வழுக்கிற்று. காதருகே யாரோ குனிந்து வில்லையை எடுத்தார்கள், குளிர் கன்னத்தில் பட்டது. டிங். நான்கு.

இரண்டாவது ஸ்குரூ வந்தது. டிங்.

மூன்று.

கத்தி முனை உடைந்தது. நகத்தால் திருகினாள். நகம் போயிற்று. பலகைக்குப் பின்னால் விரலை விட்டு மொத்தமாக இழுத்தாள். ஒழுங்காகச் செய்த வேலை, அசையவில்லை.

“வெர்னா,” என்றான் ஆர்லன். “இங்க வா. இப்ப கொஞ்சம் லேசா இருக்கு.”

உண்மைதான். ஆள் குறையக் குறைய மூடி லேசாகிறது. ஓடிவந்து பிடியைப் பற்றினாள். அவன் கீழேயிருந்து முட்ட, அவள் மேலிருந்து இழுக்க, விரற்கடை அளவு எழும்பியது. டிங். இரண்டு. இன்னும் கொஞ்சம் எழும்பியது. அவன் விரல்கள் வெளியே வந்தன. சேறும் சிராய்ப்புமாக நான்கு விரல்கள். அவற்றின் மேல் தன் கையை வைத்தாள். கடைசியாக அந்தக் கையை எப்போது தொட்டோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“மன்னிச்சுடு,” என்றாள். அந்த வார்த்தையை அவனிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

“அப்புறம் பேசலாம். இழு.”

டிங்.

ஒன்று. ஒரே ஒரு ஜோடிப் பாதம். முக்கால் முழம் திறந்திருந்தது. ஆர்லனின் தலை வந்தது, ஒரு தோள் வந்தது. மூடியின் ஓரத்தில் அந்தப் பாதங்கள் நின்றன. போகாதே என்று மனதுக்குள் கெஞ்சினாள். நீ நில்லு. இன்னும் ஒரு நிமிடம் நில்லு. உன் பேர் என்னவென்று தெரிந்துகொள்கிறேன். எழுதி வைக்கிறேன்.

பாதங்கள் மூடியைவிட்டு இறங்கின.

மூடி எடையே இல்லாமல் விரியத் திறந்தது. அவள் பின்னால் மல்லாந்து விழுந்தாள். பிடித்திருந்த மூடி போனதும் ஆர்லன் நிலை தடுமாறி ஏணியோடு உள்ளே சரிந்தான். டிங்.

கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். சங்கிலி, பூட்டோடு, கண்ணி கண்ணியாகத் தரையில் இறங்கியது.

“உள்ள ஆள் இருக்கு,” என்று அலறினாள் வெர்னா. “இன்னும் ஒருத்தர் உள்ள இருக்கார்.”

சக்கரம் சுற்றியது.

தரை அதிர்ந்தது. குழிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மூச்சு மேலே அடித்தது. இரைச்சல். தவழ்ந்து போய்ப் பார்த்தாள். ஏணி இல்லை. விளக்கு இல்லை. விளிம்பு வரை பழுப்புத் தண்ணீர் சுழன்று சுழன்று உள்ளே போனது.

தரையில் கிடந்த சிவப்பு வில்லையை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. வெளியே டாப்ஸின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதே நேரம் குழியின் விளிம்பில் ஒரு கை வந்து பிடித்தது. சேறு. சிராய்ப்பு. ஆர்லன். அவன் ஊன்றி எழுந்து தரையில் ஏறி நின்றான். தலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

“வந்துட்டியா,” என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “ஐயோ, வந்துட்டியா.”

குழியில் தண்ணீர் இன்னும் விளிம்பு தொட்டுச் சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து யாரும் ஏறி வர முடியாது. அவள் கண் அதைப் பார்த்தது. பிறகு அவன் மார்பைப் பார்த்தது. அது ஏறி இறங்கவில்லை.

ஆர்லன் அவளைத் தாண்டிப் பலகைக்கு முன்னால் போய் நின்றான். பன்னிரண்டு காலி ஆணிகளையும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து கடைசி ஆணியில் நிறுத்தினான். திரும்பினான். சிவப்பு வில்லை அவள் மூடிய கைக்குள் இருந்தது. பிளாஸ்டிக் உள்ளங்கையை அறுத்தது. அதைக் கொடுத்துவிட்டால் அவனும் அந்தக் கதவு வழியாக வெயிலுக்குப் போய்க் காய்ந்துவிடுவான்.

“டீச்சர்,” வாசலிலிருந்து டாப்ஸ் மூச்சு வாங்கக் கூப்பிட்டான். “ஆர்லன் வெளிய வந்துட்டாரா?”

அவள் விரல்களை இன்னும் இறுக்கினாள். ஆர்லன் கையை நீட்டியபடி, அவளிடம் எப்போதும் காத்திருப்பது போலவே நின்றான். உள்ளங்கையில் தண்ணீர் நிறைந்து விரல்களின் இடுக்கில் வழிந்தது. மறுபடி நிறைந்தது. கை தாழவில்லை.